புரோநோட்டில் 2021, பிராதில் 2012: முன்சீப் கோர்ட்டில் எழுத்துப்பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு?

பலசரக்குக்கடை

எல்லோருக்கும் வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்தவன் ஒருத்தன் மகள் காலேஜ் ஃபீஸுக்கு என்று வந்து நின்றான். 14-03-2021 அன்று 45,000 ரூபாய் கொடுத்தேன். புரோநோட் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கினேன். வட்டி நூற்றுக்கு 1 ரூபாய்.

அப்புறம் வழக்கமான கதைதான். இன்று, நாளை, அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும். 20-06-2024 அன்று 5,000 மட்டும் கொடுத்தான். நோட்டின் பின்பக்கம் அவனே எழுதிக் கையெழுத்தும் போட்டான். அதற்குப் பிறகு ஆளையே காணவில்லை. 2025 ஆகஸ்டில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். அசலும் வட்டியும் சேர்த்து சுமார் 64,000. கோர்ட் ஃபீ 1,900 சொச்சம்.

இப்போது பிரச்சினை. பிராதில், அதாவது கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவில், மூன்றாவது பாராவில் நோட்டுத் தேதி 14-03-2012 என்று அடித்திருக்கிறார்கள். டைப் அடித்தவர் 21-ஐ 12 ஆக்கிவிட்டார். கீழே ஆவணப் பட்டியலில் 2021 என்று சரியாகத்தான் இருக்கிறது. வரவு வைத்ததைப் பற்றி 'பிறகு ரூ. 5,000 செலுத்தினார்' என்று ஒரே வரி, தேதி கிடையாது. போதாக்குறைக்கு, எதிராளிக்குப் போன நகலில் நோட்டின் முன்பக்கம் மட்டும்தான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள்.

அவன் வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு, இது 2012-ம் வருடத்து நோட்டு, காலாவதியான கடன், பிராதையே நிராகரிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். பணம் வாங்கவில்லை என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு எழுத்துப்பிழையில் பணம் போய்விடுமா? எங்கள் வக்கீல் 'பார்த்துக்கலாம்' என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

கறுப்புக்கோட்டு

அண்ணாச்சி, முதலில் ஒரு டீ குடியுங்கள். போகாது.

உங்களுக்கு எதிராகப் போட்டிருப்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 7 ரூல் 11 மனு. அதில் கோர்ட் பார்ப்பது உங்கள் பிராதையும் அதோடு தாக்கல் செய்த ஆவணங்களையும்தான். எதிராளி என்ன சொல்கிறான் என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. பிராதை ஒரு பாராவாகப் பிய்த்துப் படிக்கக் கூடாது, முழுசாகப் படிக்க வேண்டும். மூன்றாவது பாராவில் 2012, பட்டியலில் 2021, கோர்ட்டில் இருக்கும் ஒரிஜினல் நோட்டில் 2021. எது பிழை என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை.

அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். நாளைக்கே ஆர்டர் 6 ரூல் 17-ல் திருத்த மனுப் போடச் சொல்லுங்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பு திருத்தம் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தொடங்கிய பிறகு என்றால், 'கவனமாக இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை' என்று காட்ட வேண்டும். 2002-ல் நுழைத்த நிபந்தனை அது. டைப்பிஸ்ட் பிழைக்கு அந்த விளக்கத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இப்போதே முடித்துவிடுங்கள்.

வம்பன்

ஆக, பிராதில் என்ன வேண்டுமானாலும் உளறலாம், ஜட்ஜ் அய்யா புரிந்துகொள்வார். நல்ல சட்டம். அப்புறம் வக்கீலுக்கு எதற்கு ஃபீஸ்?

கறுப்புக்கோட்டு

வம்பன், கேள்வி குத்தலாக இருந்தாலும் நியாயமானது. பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன்.

கீழ்க் கோர்ட்டுகளில் பிராதைத் தாராளமாகப் படிக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1856-ல், அன்று நமக்கும் மேல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அனுமான் பர்சாத் பாண்டே வழக்கில், இந்தியாவின் உள்ளூர்க் கோர்ட்டுகள் வார்த்தையைப் பிடித்துத் தொங்காமல் விஷயத்தின் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தை அடமானம் வைப்பது பற்றிய வழக்கு என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது இந்த இடம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. கேதார்லால் சீல் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் சொன்னதன் சாரம்: பிராது எவ்வளவு கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே சரக்கு இருந்து, எதிராளிக்குப் பாதகம் இல்லையென்றால், எழுத்துக் குறையைக் காட்டித் தூக்கி எறிய அவசரப்படக் கூடாது.

கடன் வழக்கு என்றால் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1951-ம் வருட ஸ்ரீநிவாஸ் ராம்குமார் வழக்கு. வாதி, வீடு வாங்க 30,000 கொடுத்தேன், கிரயம் செய்து கொடுக்கச் சொல்லுங்கள் என்று போகிறார். பிரதிவாதியோ, கிரயப் பேச்சே இல்லை, அந்த 30,000 கடனாக வாங்கியது என்கிறார். கிரய ஒப்பந்தம் நிரூபணம் ஆகவில்லை. 'அப்படியானால் கடனையாவது திருப்பித் தா' என்று வாதி பிராதில் கேட்கவும் இல்லை. உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? கடன் என்று நீயே ஒத்துக்கொண்டாய், உனக்கு இதில் என்ன ஆச்சரியம், கொடு பணத்தை என்று டிக்ரி கொடுத்தது. இதற்காக இன்னொரு வழக்குப் போடச் சொல்வது வீண் அலைச்சல்.

எல்லை எங்கே என்றால் அந்த 'ஆச்சரியம்' என்ற சொல்லில் இருக்கிறது. எதிராளி எதிர்பார்க்காத, பதில் சொல்ல வாய்ப்பில்லாத புதுக் கதையைக் கொண்டுவந்தால் கிடைக்காது. 2008-ல் பச்சாஜ் நஹார் வழக்கில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்: பிராதில் இல்லாத அடிப்படையில் நிவாரணம் கிடையாது, சாட்சியம் எவ்வளவு இருந்தாலும். உளறலாம், சரி. ஆனால் உளறியதற்குள் வழக்கு இருக்க வேண்டும்.

மூன்றாமாண்டு

சட்டக் கல்லூரி மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும்.

எழுத்துப்பிழையை விடுங்கள், 2021 என்றே வைத்துக்கொள்வோம். கேட்கும்போது கொடுக்க வேண்டிய புரோநோட்டுக்கு நோட்டுத் தேதியிலிருந்து 3 வருடம்தான் காலக்கெடு. 14-03-2024-ல் முடிந்துவிட்டது. காலவரையறைச் சட்டம் 19-வது பிரிவில், பகுதிப் பணம் செலுத்தியதால் புதிய காலக்கெடு வேண்டும் என்றால் அது பழைய காலக்கெடு முடிவதற்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு 5,000 வந்தது 20-06-2024. மூன்று மாதம் தாமதம். வக்கீல் சார் இதைச் சொல்லவே இல்லையே?

இன்னொன்று. 3-வது பிரிவின்படி எதிராளி எழுப்பாவிட்டாலும் கோர்ட்டே காலாவதியைப் பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். இதில் தாராளம் செல்லாது என்று நினைக்கிறேன்.

பலசரக்குக்கடை

தாயே, குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். ராத்திரி சாப்பாடு இறங்காது.

பழைய சிரஸ்தார்

சாப்பிடுங்கள் அண்ணாச்சி. முப்பத்துநாலு வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

அந்தப் பெண் சொன்ன சட்டம் சரி, கணக்கில் கொரோனாவை விட்டுவிட்டார். 15-03-2020 முதல் 28-02-2022 வரையிலான காலத்தை எல்லா வழக்குகளின் காலக்கெடுவிலிருந்தும் கழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கடைசி உத்தரவு 10-01-2022. உங்கள் நோட்டு அந்தக் காலத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. ஆகவே கடிகாரம் ஓடத் தொடங்குவதே 01-03-2022 அன்றுதான். மூன்று வருடம் என்றால் 2025 பிப்ரவரி கடைசி வரை உயிர் இருக்கிறது. 20-06-2024 வரவு அதற்குள் வந்துவிட்டது. அவன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். 2025 ஆகஸ்டில் போட்ட வழக்கு தாராளமாகச் செல்லும்.

ஆனால் வரவே இல்லாமல் இருந்திருந்தால் ஆகஸ்டில் செத்த நோட்டுதான். ஆக உங்கள் வழக்கு முழுக்க அந்தப் பின்பக்கத்து நாலு வரியில் தொங்குகிறது. அதைத்தான் பிராதில் ஒரே வரியில், தேதியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். ஜெராக்ஸும் எடுக்கவில்லை! நாலு வரி எழுத என்ன கேடு?

மூன்றாமாண்டு

ஐயா, கொரோனாவை மறந்தது என் தப்பு. வைவாவில் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அப்படியானால் ஆர்டர் 7 ரூல் 6 வரும். காலக்கெடு கடந்த பிறகு வழக்குப் போட்டால், எந்தக் காரணத்தால் விலக்கு கேட்கிறோம் என்று பிராதிலேயே சொல்ல வேண்டும். ஆனால் 1976 திருத்தத்தில் அதற்கு ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். பிராதில் சொன்னதற்கு முரண் இல்லாத வேறு விலக்குக் காரணத்தையும் பிறகு சொல்லக் கோர்ட் அனுமதிக்கலாம். 'பிறகு 5,000 செலுத்தினார்' என்ற வரிக்கு 20-06-2024 என்ற தேதி முரண் இல்லையே.

கறுப்புக்கோட்டு

தங்கச்சி, தேதியைக் கழித்துப் பார்க்காமல் டீ குடிக்கச் சொன்னது என் தப்பு. ரூல் 6 பாயிண்ட் பிரமாதம். திருத்த மனுவில் மூன்றையும் சேர்த்துவிட வேண்டும்: 2012 அல்ல 2021, வரவுத் தேதி, கொரோனா விலக்கு. கொரோனாவைக் கோர்ட் தானாகவே கவனிக்கும், இருந்தாலும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது. நோட்டின் இரண்டு பக்க நகலையும் எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஸ்டாம்ப் விஷயம் தெளிவாக இருப்பதால் தப்பித்தீர்கள். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டைச் சாட்சியத்தில் எடுக்கவே முடியாது, அபராதம் கட்டினாலும் முடியாது. சரி, நோட்டை விட்டுவிட்டு 'கடன் கொடுத்தேன்' என்று போகலாமா என்றால், 1938-ல் சென்னை உயர் நீதிமன்ற ஃபுல் பெஞ்ச் பெருமாள் செட்டியார் வழக்கில் கதவைப் பாதி சாத்திவிட்டது. கடன் கொடுத்த அதே நேரத்தில் எழுதி, எல்லா நிபந்தனையும் நோட்டிலேயே இருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த இடத்தில் எந்த நீதிபதியின் தாராளமும் உதவாது. சம்பிரதாயம் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே எடை இல்லை.

ஊர்க்குருவி

எல்லோரும் கடன் கொடுத்தவர் பக்கமே பேசுகிறீர்கள். வாங்கியவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

என் அப்பா ஒரு வட்டிக்காரரிடம் 10,000 வாங்கினார். வாங்கும்போதே வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து. வட்டி, வட்டிக்கு வட்டி என்று கட்டியே அசலுக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது, 80,000 வாங்கினாராம். வக்கீல் வைக்கக் காசில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒரு முழு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினார்: 'இந்தக் கணக்கு பொய். நான் இவ்வளவு வாங்கவில்லை. வாங்கியதைக் கட்டிவிட்டேன்.' அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பாரா வாரியாகக் குறிப்பிட்டு மறுக்கவில்லை, மறுக்காததெல்லாம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்றார். அப்பாவுக்கு அது என்ன மொழி என்றே விளங்கவில்லை. நீதிபதி அம்மா ஒருவர், பெயர் வேண்டாம், அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். 'வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு, ரசீது இருக்கா' என்று அப்பாவிடமே கேட்டார். தாளைத் தள்ளாமல் எதிர்வழக்குரையாக எடுத்துக்கொண்டு, வாதியையும் கூண்டில் ஏறி நிரூபிக்கச் சொன்னார். குறுக்கு விசாரணைக்குச் சட்ட உதவியில் வக்கீலும் போட்டுக்கொடுத்தார். கடைசியில் 10,000-க்கு மேல் நிற்கவில்லை.

அந்தத் தாளை அன்று குப்பையில் போட்டிருந்தால் எங்கள் வீடு இன்று வேறு யார் பெயரிலோ இருக்கும்.

கறுப்புக்கோட்டு

ஊர்க்குருவி, உங்கள் அப்பாவின் தாளுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஆர்டர் 8 ரூல் 5: குறிப்பாக மறுக்காதது ஒத்துக்கொண்டதாகும். ஆனால் அதே ரூலில், அப்படி ஒத்துக்கொண்டதாக ஆனாலும் வேறு வகையில் நிரூபிக்கச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு வால் இருக்கிறது.

1963-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன படாட் அண்ட் கோ வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் இந்த வாலைப் பற்றிப் பேசுகிறார். மொஃபசல் கோர்ட்டுகளில், அதாவது பெருநகரத்துக்கு வெளியே உள்ள கோர்ட்டுகளில், பிராதும் எதிர்வழக்குரையும் நேர்த்தியாக எழுதப்படுவதில்லை, அதனால் அங்கே நியாயத்துக்காகக் கொஞ்சம் தளர்வு காட்டி வந்தார்கள் என்கிறார். அடுத்து ஒரு திருப்பம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் (வழக்குகளை நேரடியாக விசாரிக்கும்) அசல் பிரிவில் பயிற்சி பெற்ற வக்கீல்கள் நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்கள், அங்கே அந்தச் சலுகை அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்கிறார்.

தளர்வின் அளவு வழக்கின் மதிப்பை மட்டும் பொறுத்ததில்லை, யார் எழுதினார்கள், எந்த இடத்தில் எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. நான் இதிலிருந்து ஒரு படி மேலே போவேன். மூன்று மாடிக் கட்டடத்தில் சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிதி நிறுவனம் 30,000 ரூபாய்க்கு அச்சடித்த பாரத்தில் பேரை மட்டும் மாற்றி, வட்டிக் கணக்கே காட்டாமல் பிராது போடுகிறது. கேட்டால் 'சின்ன வழக்குதானே, மொஃபசல்தானே' என்கிறார்கள். அவர்களுக்கு எதற்குத் தளர்வு? அவர்களிடம் ஒரு நயா பைசாவுக்கும் கணக்குக் கேட்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய அப்பாவுக்கும் அவர்களுக்கும் ஒரே அளவுகோலா?

வம்பன்

அப்ப ஆளைப் பார்த்துச் சட்டமா? நீதி தேவதை கண்ணைக் கட்டியிருப்பது எதற்கு? பலசரக்குக்கடை அண்ணாச்சியும் வக்கீல் வைத்துத்தான் பிராது போட்டிருக்கிறார். உங்கள் அளவுகோலில் அவருக்கும் தளர்வு கிடையாது.

கறுப்புக்கோட்டு

சரியான அடி. யோசிக்க வேண்டிய இடம்தான். என் பதில்: அவருக்கு வேண்டியது தளர்வே இல்லை. ஒரிஜினல் நோட்டு கோர்ட்டில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும். சலுகை வேறு, ஒழுங்காகப் படிப்பது வேறு.

(கண்ணைக் கட்டிய தேவதையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்தால் அவளால் எப்படிப் படிக்க முடியும், சொல்லுங்கள்.)

பழைய சிரஸ்தார்

நீங்கள் இருவரும் உச்ச நீதிமன்றத்திலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். நான் தாக்கல் பிரிவில் உட்கார்ந்தவன். உண்மையைச் சொல்லட்டுமா? தாராளம் எல்லாம் நீதிபதி மேசையில்தான். கவுன்டரில் கிடையாது.

பிராது முதலில் எங்கள் கைக்குத்தான் வரும். கோர்ட் ஃபீ சரியா, வழக்கு மூலம் எந்தத் தேதி, எந்த ஊர், ஆள்வரை எல்லை உண்டா, சான்றுறுதியில் கையெழுத்து இருக்கிறதா, ஆவணப் பட்டியல், முகவரிப் படிவம், அபிடவிட், படிக்காசு. ஒன்று குறைந்தாலும் 'ரிட்டர்ன்'. திருத்திக் கொண்டுவந்தால் அடுத்த குறை. அண்ணாச்சியின் பிராதில் 2012-ஐக் கண்டுபிடிக்காத ஆள், மார்ஜினில் இடம் விடவில்லை என்று ரிட்டர்ன் போட்டிருப்பார், சத்தியம் செய்வேன். திருப்பித் தாக்கல் செய்யத் தாமதமானால் அதற்கு ஒரு மன்னிப்பு மனு. அந்த மனுவில் குறை இருந்தால் அதற்கும் ரிட்டர்ன். இப்போது இ-ஃபைலிங் வேறு. முன்பு என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சலாம், கம்ப்யூட்டரிடம் கெஞ்ச முடியாது.

நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. நானும் போட்டிருக்கிறேன். ஒருமுறை 6,000 ரூபாய் வழக்கு ஒன்று என் கையால் ஐந்து தடவை திரும்பிப் போனது. ஆறாவது தடவை வரவே இல்லை. அந்த ஆள் கைமாற்றை மறந்துவிட்டாரா, பஸ் கூலியைக் கணக்குப் பார்த்தாரா, தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டு மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

சின்னப் பண வழக்குகளுக்கு ஸ்மால் காஸ் நடைமுறை என்று ஒன்று இருந்ததை இளையவர்கள் அறிய மாட்டார்கள். 1887-ம் வருடச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சென்னைக்கு 1882-ல் தனிச் சட்டம். 1887 சட்டத்து நடைமுறையில் தீர்ப்பு நாலு வரி போதும், எது தீர்மானிக்க வேண்டிய விஷயம், முடிவு என்ன, அவ்வளவே. அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மட்டும். ஆள் வராததால் ஒருதலையாகக் கொடுத்த எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய வேண்டுமானால் டிக்ரி பணத்தைக் கட்டு, இல்லையென்றால் ஜாமீன் கொடு. நிலத்தின் உரிமை பற்றிக் கேள்வி வந்தால் மட்டும் பிராதைத் திருப்பி வழக்கமான கோர்ட்டுக்கு அனுப்பலாம். வேகமாக ஓடின வண்டி அது.

அதற்கும் முன்னால் கிராம முன்சீப் இருந்தார். 1816-ல் மன்றோ காலத்து ஒழுங்குமுறையில் கிராமத் தலைவருக்கே 10 ரூபாய் வரையிலான பண வழக்கைத் தீர்க்க அதிகாரம் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அவர் வரி வசூலிக்கும் ஆளாக மட்டும் மிஞ்சினார். 1980-ல் பதவியையும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் எல்லாம் நியாயஸ்தர்கள் என்று நான் சொல்லவில்லை, எந்த ஜாதிக்காரர் திண்ணை ஏற முடிந்தது என்று கேட்டால் பதில் கசக்கும். ஆனால் கடனைப் பற்றிச் சொல்ல யாரும் மார்ஜின் விட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாமாண்டு

அதை இன்றைய முறையில் கொண்டுவரத்தான் 2008-ல் கிராம நியாயாலயச் சட்டம் வந்தது. கடன், வியாபாரக் கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்ட பண வழக்குகள் அதன் அட்டவணையிலேயே இருக்கின்றன. பிராது கூட இல்லை, ஒரு விண்ணப்பம் போதும். கட்டணம் 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களும் கட்டுப்படுத்தாது. படிக்கும்போது ஆசையாக இருக்கும். தமிழ்நாடு அந்தப் பக்கம் போகவில்லை.

தேக்கா வாசி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 1985 முதல் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இருவரும் சம்மதித்தால் 30,000 வரை. வக்கீல் வரவே கூடாது. இணையத்தில் படிவம் நிரப்பினால் போதும், முதலில் சமரசம் பேசுவார்கள். ஒரு ஏர்கான் ரிப்பேர்க்காரரிடம் 400 வெள்ளி திரும்ப வாங்கினேன், நான் எழுதியது மொத்தம் ஏழு வரி. அண்ணாச்சி இங்கே இருந்திருந்தால் கதை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

கறுப்புக்கோட்டு

தேக்கா வாசி, ஏர்கானுக்குச் சரி. ஆனால் அங்கேயும் அந்தத் தீர்ப்பாயம் கைமாற்றுக் கடனை எடுக்காது என்று படித்திருக்கிறேன். பொருள் விற்பனை, சேவை, சொத்துச் சேதம், குறுகிய கால வீட்டு வாடகை, இவைதானே?

தேக்கா வாசி

பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி. கடன் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமாம். அண்ணாச்சி, மன்னிக்கவும், இங்கே வந்தாலும் உங்களுக்கு வாய்தாதான்.

ஊர்க்குருவி

இன்னொரு கேள்வி. பிராது தமிழில் போட முடியாதா? அண்ணாச்சி தானே எழுதியிருந்தால் 2012 என்று எழுதியிருக்க மாட்டாரே. ஆங்கிலத்தில் அடித்ததால்தானே கையெழுத்துப் போடும்போது படிக்காமல் போட்டிருப்பார்?

பலசரக்குக்கடை

ஊர்க்குருவி, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அதுதான் நடந்தது. கடைசிப் பக்கத்தில் 'மேலே கண்டவை யாவும் உண்மை' என்கிற மாதிரி இங்கிலீஷில் இருந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள், அங்கே கையெழுத்துப் போட்டேன். பாரா மூன்றைப் பார்க்கவே இல்லை. கடையில் ஒரு கிலோ உளுந்து வந்தாலும் தராசில் வைத்துப் பார்க்கிறவன் நான்.

கறுப்புக்கோட்டு

தமிழில் போடலாம், தாராளமாக. கீழ்க் கோர்ட்டுகளில் தடையே கிடையாது, நிறையப் பேர் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் போடுவது எங்கள் சோம்பல். பழைய பிராதைக் காப்பி எடுத்துப் பெயர் மாற்றுவது எளிது. 2012 எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏதோ பழைய கட்சிக்காரரின் நோட்டுத் தேதியாகக்கூட இருக்கும்.

பழைய சிரஸ்தார்

அண்ணாச்சி, ஒரு யோசனை. டிக்ரி வாங்கிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகுதான் மலை. நிறைவேற்று மனு, நோட்டீஸ், அமீனா, வீட்டில் ஆள் இல்லை, மறுபடி நோட்டீஸ். 40,000 அசலுக்கு அது தாங்காது. மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி இருவரும் ஒத்துக்கொண்டால், கட்டின கோர்ட் ஃபீ திரும்பி வரும், அந்த முடிவுக்கு அப்பீலும் கிடையாது. தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஊர்க்காரன், நாளைக்கும் உங்கள் கடைக்குத்தான் சீரகம் வாங்க வருவான்.

வம்பன்

சீரகத்தைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள்.

பலசரக்குக்கடை

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வக்கீலிடம் போனேன். முதலில் முகம் சுளித்தார். கொரோனா கணக்கைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'யார் சொன்னது?' என்றார். 'கடைக்கு வருகிறவங்க' என்றேன். திருத்த மனுவைத் தமிழிலேயே போடச் சொன்னேன், போட்டார். இந்தத் தடவை தாக்கல் செய்வதற்கு முன் வரி வரியாக நானே படித்தேன். ஒரு இடத்தில் என் அப்பா பெயரில் எழுத்து ஒன்று மாறியிருந்தது, அதையும் திருத்தினோம்.

நேற்று இரண்டு மனுவும் ஒன்றாக வந்தது. நீதிபதி ஒரிஜினல் நோட்டை எடுக்கச் சொல்லி முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம் 'இது உங்க கட்சிக்காரர் கையெழுத்தா இல்லையா' என்று கேட்டார். அவர், கேட்டுச் சொல்கிறேன் என்றார். நண்பன் பின்பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். என்னையும் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை.

நிராகரிப்பு மனு தள்ளுபடி. திருத்த மனு அனுமதி. ஆனால் பிழை எங்கள் பக்கம் என்பதால், எதிராளிக்கு 500 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டுமாம். கட்டிவிட்டு ரசீது வாங்கினேன். 45,000 கொடுத்தவன் நான், இப்போது 45,500 ஆகிவிட்டது.

வெளியே டீக்கடையில் அவனும் நின்றான். மக்கள் நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாமா என்று அவன்தான் முதலில் கேட்டான். வரட்டும், பார்ப்போம் என்றேன். டீக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.